புகைக்கு விடை கொடுக்க நாள் குறிப்போம்

நெஞ்சக நோய் மருத்துவராக நான் பணியாற்றத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தக் காலத்தில் மருந்துகள் மாறியிருக்கின்றன, கருவிகள் மாறியிருக்கின்றன, நோயைக் கண்டறியும் முறைகளும் மாறியிருக்கின்றன. மாறாமல் இருப்பவை, புகைபிடிப்பவர்கள் என்னிடம் சொல்லும் நான்கு வாக்கியங்கள். பீடி பிடிக்கும் கட்டடத் தொழிலாளியும் விலையுயர்ந்த சிகரெட் பிடிக்கும் நிறுவன அதிகாரியும் ஏறத்தாழ ஒரே சொற்களில்தான் அவற்றைச் சொல்கிறார்கள்.

"என் தாத்தா தொண்ணூறு வயது வரை பீடி பிடித்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது முதலாவது. "நான் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்றுதான் பிடிக்கிறேன்" என்பது இரண்டாவது. "இத்தனை வருடம் பிடித்தாயிற்று, இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்பது மூன்றாவது. "எத்தனையோ முறை விட்டுப் பார்த்தேன், முடியவில்லை" என்பது நான்காவது.

முதல் மூன்றுக்கும் அறிவியல் தெளிவான விடையைத் தந்துவிட்டது. நான்காவது வாக்கியம் உண்மையானது. அதைச் சொல்பவரின் குரலில் இருக்கும் வெட்கமும் உண்மையானது. ஆனால், அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் அவருடைய உயிருக்கு உலைவைக்கிறது. இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாத்தா எந்தப் பாதி?

தொண்ணூறு வயது தாத்தாவின் கதையை நான் மறுப்பதில்லை. புகையிலையைப் பயன்படுத்துவோரில் பாதிப் பேர் வரை அதனாலேயே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால், மறுபாதி ஒன்று இருக்கிறது அல்லவா? தாத்தா அதைச் சேர்ந்தவர். ஐம்பது வயதில் மாரடைப்பால் போன சித்தப்பாவைப் பற்றி, இருமி இருமியே ஓய்ந்துபோன பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி யாரும் பெருமையாகக் கதை சொல்வதில்லை. பிழைத்தவர்களே கதைகளில் இடம்பெறுகிறார்கள். தான் எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பதை ஒருவருக்கு முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் மருத்துவத்தில் இல்லை.

தாத்தாவின் கதைக்கு எதிராக நம் மண்ணிலேயே திரட்டப்பட்ட சான்று ஒன்று இருக்கிறது. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் விவரங்களை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் விவரங்களோடு ஒப்பிட்டு வி.கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. 25 முதல் 69 வயது வரையிலான ஆண்களில், புகைபிடித்தவர்கள் நோயால் இறக்கும் விகிதம் புகைபிடிக்காதவர்களைப் போல இரு மடங்காக இருந்தது. காசநோயால் இறக்கும் விகிதம் நான்கு மடங்குக்கும் அதிகம். காசநோயால் இறந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகையே பொறுப்பு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. மேலைநாடுகளில் புகை என்றால் நுரையீரல் புற்றுநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் நாட்டில் அது காசநோய்க் கிருமியோடு கூட்டுச் சேர்ந்து கொல்கிறது என்பதை உலகுக்குச் சொன்ன ஆய்வு இது.

இது எப்படி நிகழ்கிறது என்பது எளிதில் விளங்கக்கூடியதே. நம் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. உள்ளே புகும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் பணி. புகை அவற்றை முதலில் செயலிழக்கச் செய்து, பிறகு அழிக்கிறது. காவலர்கள் இல்லாத கோட்டையில் கிருமி நுழைவதற்குத் தடை என்ன? புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் 70 வரை புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, குருதியில் ஆக்ஸிஜன் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாளங்களின் உட்சுவர் புண்பட்டு, குருதி எளிதில் உறையத் தொடங்குகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் காலில் குருதியோட்டம் தடைபடுவதும் இதன் தொடர்ச்சியே.

எல்லாவற்றிலும் கொடியதாக நான் கருதுவது 'சிஓபிடி' எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை. புற்றுநோயைப் போல அது அச்சுறுத்தும் பெயரோடு வருவதில்லை. மாடிப்படி ஏறும்போது சிறிது மூச்சிரைக்கும். வயதாகிறது என்று எண்ணிக்கொள்வோம். நாற்பத்தேழு வயதுக் கொத்தனார் ஒருவர் என்னிடம் வந்தபோது, அவரால் சாரத்தில் ஏற முடியாமல் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தரையில் நின்று செய்யும் வேலைக்கு மாறினார். அதுவும் முடியாமல் போனது. "டாக்டர், சட்டையை மாட்டிப் பொத்தானைப் போடுவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டியிருக்கிறது" என்றார். அழிந்துபோன நுரையீரல் காற்றறைகள் மீண்டும் முளைப்பதில்லை. அவருக்கு நான் கொடுக்க முடிந்தது, மிச்சமிருப்பதைக் காப்பதற்கான வழியை மட்டுமே.

இரண்டு, மூன்றுதானே!

அளவைக் குறைத்தால் ஆபத்தும் அதே அளவுக்குக் குறையும் என்பது இயல்பான எண்ணம். இதயத்தின் கணக்கு அப்படி இல்லை. நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது சிகரெட் பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இருபதில் ஒரு பங்கு பிடித்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இங்கே செல்லாது.

பீடியைப் பற்றியும் இத்தகைய ஒரு நம்பிக்கை உண்டு. 'காகிதம் இல்லை, இலைதானே' என்பார்கள். பீடி இலை சிகரெட் காகிதத்தைப் போல எளிதில் காற்றைப் புகவிடாது. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால், உள்ளே இருக்கும் தூள் சிறிதளவே என்றாலும் நுரையீரலுக்குள் செல்லும் நச்சு குறைவதில்லை. பிரபாத் ஜா தலைமையில் இந்தியா முழுவதும் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வின்படி, பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக ஆறு ஆண்டுகளையும், பீடி பிடிக்கும் பெண்கள் எட்டு ஆண்டுகளையும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் பத்து ஆண்டுகளையும் இழக்கிறார்கள். நாளொன்றுக்கு ஏழு பீடிக்குள் நிறுத்திக்கொண்டவர்களிடமும் இறப்பு விகிதம் கூடுதலாகவே இருந்தது.

'லைட்' என்ற பெயரில் விற்கப்பட்ட சிகரெட்டுகளின் கதையும் இதுவே. வடிகட்டியில் நுண்துளைகள் இட்டுப் புகையோடு காற்றைக் கலந்தார்கள். பரிசோதனைக் கருவி குறைந்த நச்சைக் காட்டியது. மனிதர் கருவி அல்லர். அவர் விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடுவார். போதவில்லையென்றால் இன்னும் ஆழமாக இழுப்பார். உடலுக்கு வேண்டிய நிக்கோட்டின் கிடைக்கும்வரை அவர் நிறுத்தமாட்டார்.

இனிமேல் விட்டு என்ன பயன்?

மூன்றாவது வாக்கியத்துக்கு விடை சொல்வதுதான் எனக்கு மிகவும் மகிழ்ச்சியான பணி. ஏனெனில், நற்செய்தி இங்கேதான் இருக்கிறது.

1951இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டன் மருத்துவர்களுக்கு ஒரு வினாப்படிவத்தை அனுப்பினர். விடையளித்த ஆண் மருத்துவர்கள் 34,000க்கும் அதிகம். அவர்களில் யார் புகைக்கிறார்கள், யார் நிறுத்தினார்கள், யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்பது ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுக்கப்பட்டது. 2004இல் அதன் நிறைவான முடிவுகள் வெளிவந்தன. இடைவிடாது புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். அறுபது வயதில் நிறுத்தியவர்கள் இழக்கவிருந்த ஆயுளில் மூன்று ஆண்டுகளைத் திரும்பப் பெற்றனர். ஐம்பதில் நிறுத்தியவர்களுக்கு ஆறு ஆண்டுகள். நாற்பதில் நிறுத்தியவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள். முப்பதில் நிறுத்தியவர்களுக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளும் கிடைத்தன. டால் தாமும் ஒரு காலத்தில் புகைபிடித்தவரே. தம் தொடக்க ஆய்வின் முடிவுகள் தெளிவாகத் தொடங்கிய நாள்களிலேயே அதை நிறுத்திவிட்டார். 92 வயது வரை வாழ்ந்தார்.

உடல், மன்னிப்பதற்குக் காத்திருப்பதில்லை. கடைசிப் புகைக்குப் பிறகு ஓரிரு நாள்களுக்குள் குருதியிலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்கிவிடும். சில வாரங்களில் நடையில் இரைப்பு குறையும். ஓராண்டில், புகையால் ஏற்பட்ட கூடுதல் இதயநோய் ஆபத்து பாதியாகும். பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகக் குறையும். நான் மேலே குறிப்பிட்ட கொத்தனாரைப் போன்றவர்களுக்கும் பயன் உண்டு: இழந்தது திரும்பாது, ஆனால், இழப்பின் வேகம் தணியும். மருந்தின்மீது கூடுதல் நம்பிக்கை வைக்கும் அவர்களிடம் நான் சொல்வது, இந்த நோயில் புகையை நிறுத்துவதற்கு இணையான மருந்து எதுவும் இல்லை என்பதே.

முடியவில்லை என்பவர்களுக்கு

இப்போது நான்காவது வாக்கியத்துக்கு வருகிறேன். 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. உனக்கு மன உறுதி இல்லை' என்று வீட்டாரும் நண்பர்களும், சில வேளைகளில் மருத்துவர்களும், இவர்களைக் கடிந்துகொள்கிறார்கள். இது கொடுமை மட்டுமன்று. மருத்துவ அறிவுக்கும் பொருந்தாதது.

இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் பத்து முதல் இருபது விநாடிகளுக்குள் மூளையை அடைந்துவிடுகிறது. அங்கே டோபமைன் சுரந்து, இதமான உணர்வு ஒன்று தோன்றுகிறது. இரண்டு மணி நேரத்தில் குருதியிலுள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைய, மூளை மீண்டும் கேட்கத் தொடங்குகிறது. எரிச்சல், பதற்றம், கவனக் குலைவு ஆகியவை அந்தக் கேட்டலின் குரல்கள். அடுத்த சிகரெட் அவற்றை அடக்குகிறது. 'புகைபிடித்தால் டென்ஷன் குறைகிறது' என்று நாம் சொல்வது, முந்தைய சிகரெட் உண்டாக்கிய டென்ஷனை அடுத்த சிகரெட் தணிப்பதைத்தான். நிக்கோட்டின் அடிமையாக்கும் பொருள் என்பதை நிறுவனங்கள் அறியாமல் இல்லை. 1960களிலேயே அவற்றின் உள் ஆவணங்களில் அது எழுதப்பட்டிருந்தது. ஆயினும், 1994இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஏழு புகையிலை நிறுவனத் தலைவர்கள் வரிசையாக அமர்ந்து, நிக்கோட்டின் அடிமையாக்குவதாகத் தாங்கள் கருதவில்லை என்று உறுதிமொழி ஏற்றுச் சொன்னார்கள். இத்தனை பேர் திட்டமிட்டுப் பின்னிய வலையில் சிக்கிய மனிதரிடம் மன உறுதியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகுமா?

2016-17இல் நடத்தப்பட்ட வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைபிடிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை விட்டுவிட எண்ணுகிறார்கள். பத்தில் ஏறத்தாழ நால்வர், அதற்கு முந்தைய ஓராண்டில் முயன்றும் பார்த்தவர்கள். முயன்றவர்களில் பெரும்பாலோர் எந்த உதவியும் இல்லாமல் முயன்றார்கள். துணையற்ற முயற்சியில் ஓராண்டு தாண்டி நிலைப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே என்பது பல நாடுகளின் அனுபவம். ஆக, தோற்றது அவர்களின் மனமன்று. அவர்கள் கையாண்ட முறை.

முறை எது? முதலில், நாள் குறிக்க வேண்டும். 'அடுத்த மாதத்திலிருந்து' என்பது நாள் அன்று. இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, வீட்டிலும் வேலையிடத்திலும் அறிவித்துவிட வேண்டும். அதற்கு முந்தைய நாள் இரவு, பெட்டி, லைட்டர், ஆஷ்டிரே அனைத்தும் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

இரண்டாவது, எந்தெந்த வேளையில் கை தானாகப் பைக்குள் போகிறது என்பதை முன்கூட்டியே எழுதிப் பார்க்க வேண்டும். பலருக்கு அது காலை எழுந்தவுடன். சிலருக்கு உணவுக்குப் பின். மிகப் பலருக்கு டீக்கடை. புகைபிடித்தால்தான் காலைக்கடன் கழியும் என்று சொல்பவர்கள் ஏராளம். நிக்கோட்டின் குடலைத் தூண்டுவது உண்மையே. நிறுத்திய சில வாரங்களுக்கு மலச்சிக்கல் வரலாம். வெந்நீர், கீரை, பழம், நடை ஆகியவற்றால் அது சரியாகும். டீக்கடையில் தேநீரோடு சேர்ந்து புகைபிடித்தவர், முதல் ஒரு மாதம் தேநீரை வேறு இடத்தில், வேறு நண்பர்களோடு குடிப்பது நல்லது. பலர் அறியாத செய்தி இன்னொன்று உண்டு. புகை, காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீனை உடல் விரைவாக வெளியேற்றும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அதே அளவு காபி இரு மடங்கு காபியைப் போல வேலை செய்யும்; படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைப் புகை ஏக்கம் என்று தவறாக எண்ணி மீண்டும் சிகரெட்டைத் தொடுபவர்கள் உண்டு. காபியைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

மூன்றாவது, மருந்தின் துணையை நாடத் தயங்கக் கூடாது. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப் பட்டை ஆகியவை புகையின் நச்சு இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் சிறிதளவு தந்து, ஏக்கத்தைத் தணிக்கின்றன. சூயிங்கத்தை மிட்டாய்போல மென்றுகொண்டே இருந்தால் பயனில்லை. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். வரெனிக்லின், புப்ரோப்பியான் போன்ற மாத்திரைகளும் உள்ளன. இவற்றை மருத்துவரின் அறிவுரையோடு மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் எந்த மருந்தையும் தாமாகத் தொடங்கக் கூடாது. சிகரெட், பீடிப் பெட்டிகளின் மீதே 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் அச்சிடப்பட்டிருக்கிறது. தீக்குச்சியை உரசும் கையில்தான் தீர்வும் இருக்கிறது. பலர் அதைப் படித்ததே இல்லை.

நான்காவது, முதல் வாரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாள்களில் துன்பம் உச்சத்தில் இருக்கும். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களே நீடிக்கும் அலை. அந்த நிமிடங்களைத் தண்ணீர் குடித்தோ, நடந்தோ, யாரிடமாவது பேசியோ கடத்திவிட்டால் அது தானே ஓய்ந்துவிடும். இடையில் ஒரு நாள் சறுக்கி ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று முழுப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்றவர்களே.

மற்றவர்களின் பங்கு

புகைபிடிப்பவர் மட்டும் முடிவெடுத்தால் போதாது. அதே கணக்கெடுப்பில், பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் தம் வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதாகத் தெரியவந்தது. நம் பெண்களில் புகைபிடிப்பவர்கள் மிகக் குறைவு. கணவரின் புகையைச் சுவாசிப்பவர்கள் மிக அதிகம். வீட்டில் வசைபாடுவதைவிட, 'வீட்டுக்குள் புகை இல்லை' என்ற ஒரே விதியை உறுதியாகக் கடைப்பிடிப்பது குழந்தைகளையும் காக்கும். புகைப்பவரும் விடுவதற்கு வழி செய்யும்.

மருத்துவர்களாகிய நாங்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. மருத்துவரிடம் சென்ற புகைபிடிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் 'விட்டுவிடுங்கள்' என்ற அறிவுரை கிடைத்திருக்கிறது. எந்த நோய்க்காக வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அரசு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகப் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்றது. 2016 முதல் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இடம்பெறுகிறது. ஆனால், பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவரின் கண்ணில் அந்தப் படம் படுவதில்லை. சில்லறை கையில் இருந்தால் போதும். கடையோரம் தொங்கும் கயிற்றில் நெருப்பும் தயாராக இருக்கிறது. பள்ளி மாணவனின் முதல் சிகரெட் பெரும்பாலும் இப்படித்தான் பற்றவைக்கப்படுகிறது. உதிரி விற்பனையைத் தடுப்பதும், சிகரெட்டுக்கு நிகராகப் பீடிக்கும் வரி விதிப்பதும் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் தீர்வுகள். திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பல்லாயிரம் பெண்களுக்கு மாற்றுத் தொழில் காட்டாமல் இதைச் செய்வது அறமாகாது. குறைந்த கூலிக்கு நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் அவர்களும் இந்தத் தொழிலால் பாதிக்கப்பட்டவர்களே.

சட்டமும் வரியும் வரும்போது வரட்டும். புகைபிடிக்கும் வாசகர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் புகை ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைக் கொல்கிறது என்ற எண்ணிக்கை நமக்கு மலைப்பைத் தரலாம். ஆனால், ஒருவர் காப்பாற்ற வேண்டியது ஓர் உயிரை மட்டுமே. இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியை எடுத்து, வரும் இரண்டு வாரங்களில் ஒரு தேதியை வட்டமிடுங்கள். அதை உங்கள் மனைவியிடமோ மகளிடமோ நண்பரிடமோ சொல்லுங்கள். முன்பு முயன்று முடியாமல் போயிருந்தால், இம்முறை ஒரு மருத்துவரையோ அந்த உதவி எண்ணையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நாள் குறித்த பிறகு செய்ய வேண்டியவை அனைத்தும் கற்றுக்கொள்ளக்கூடியவையே.